லயத்துக்கே நெஞ்சு வலி

"நெஞ்சு வலி உங்களுக்கா, இல்ல நம்ம வரிசை வீட்டு லயத்துக்கேவா?"

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் கணவரிடம் கேட்டாள்.

"வலிக்குதுன்னு வாசல்ல வந்து நிக்கிறவங்கள எப்படி சும்மா அனுப்புறது?"

"அது இருதய மாத்திரைங்க! நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லி டாக்டர் உங்களுக்குக் கொடுத்தது. ரொட்டி தின்னு நெஞ்சு எரியிறவனுக்கெல்லாமா கொடுப்பீங்க?"

"கங்காணி கூட கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"பெருமைதான், போங்க!"

பஸ் மேட்டில் திணறி ஏறியது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"வலிக்குதா? ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?"

"மிச்சம் இல்ல. கொழுந்துக் கூடையோட மலை ஏறுனா நெஞ்ச அடைக்குதுன்னு நேத்து சொன்னியே. உன் தேத்தண்ணியில கரைச்சதுதான் கடைசி."