ஆறாம் குழி இருந்த இடம்

அறுகம்புல்லை விடியலில் வெட்டக்கூடாது, சேர். பனி காய்ந்த பிறகு வெட்டினால்தான் நுனி மஞ்சளாகாது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர்கள் அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர்மார். கல்முனைக் கடலோர மணலில் ஒன்பது குழி வைத்து அவர்கள் கொல்ஃப் அடித்தார்கள். ஊரில் அதற்குப் பந்துவெளி என்று பெயர். உங்கள் விசாரணைக்கு வந்திருக்கும் மீராசாவாகிய நான் ஏழு வருடம் அங்கே புல் வெட்டினேன். அவர்கள் போனதும் வெளி பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்குள்ளவர்களும் கொஞ்சக் காலம் ஆடிவிட்டுக் கைவிட, தாழையும் நாகதாளியும் மூடிக்கொண்டன.

எண்பத்திரண்டில் அதைப் பழையபடியே ஆக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு ஆசை வந்தது. வெளியின் சரித்திரத்தை எழுதிக் குழிகளை அடையாளம் காண விரிவுரையாளர் சில்வெஸ்டர் வந்தார். நல்ல மனிதர். பழைய வரைபடம் எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்து கூழாகியிருந்தது. ஆடியவர்கள் திசைக்கொருவராகப் போய்விட, குழிகளை அறிந்தவனாக ஊரில் மிஞ்சியது நான் மட்டும்தான்.

"காக்கா, நீங்க காட்டுற இடத்தத்தான் நான் கீறப்போறன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

நான் நன்றாகத்தான் யோசித்தேன். வெளியின் எல்லைக் கற்கள் எப்போதோ மணலுக்குள் போய்விட்டன. குழி எங்கே இருந்ததோ அது பல்கலைக்கழகக் காணி என்று முடிவாகியிருந்தது. அச்சிமுகம்மதுவின் கல்வீடு அந்த ஓரத்தில்தான் நின்றது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது எனக்கு.

அச்சிமுகம்மது யார் என்று நீங்கள் கேட்க முன் நானே சொல்கிறேன். சூறாவளி அன்று பொழுது பட்ட மஃரிப் நேரம் எங்கள் தென்னோலைக் கிடுகு வீடு பறந்தது. மனைவி சல்மா உம்மாவையும் பதினொரு வயது மகள் றாஹிலாவையும் இழுத்துக்கொண்டு அந்தக் கல்வீட்டுக்கு ஓடினேன். பெண்களோடு வருகிறவன் பின்கதவைத்தான் தட்டுவான். அது எங்கள் பக்கத்து மரியாதை. கடற்பக்கத்துப் பின்கதவைத் தட்டினேன். கை வலித்ததும் காலால் உதைத்தேன். முன்வாசலுக்குப் போவோம் என்று சல்மா உம்மா என் சாரனைப் பிடித்து இழுத்தாள். குமராகப்போகிற பிள்ளையை நனைந்த உடுப்போடு ஆண்கள் நிற்கும் வாசலுக்குக் கொண்டுபோவதா? தட்டிய கதவுதான் திறக்க வேண்டும் என்று நின்றேன். ஒரு தகரம் பறந்து வந்து பிள்ளையின் கழுத்தில் பாய்ந்தது. றாஹிலா "வாப்பா" என்றுகூடச் சொல்லவில்லை.

அறுபது பேர் அன்று அந்த வீட்டில் தங்கி உயிர் பிழைத்தார்கள் என்று ஊரே புகழ்ந்தது. அறுபது பேருக்குத் திறந்தவர் எனக்கு மட்டும் திறக்கவில்லை என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி நாலு வருடமாகியும் ஆறவில்லை.

குழிக்குள் பந்து விழுவதற்கு ஓர் இரும்புக் குவளை இறக்குவார்கள். வெளியைக் கைவிட்டபோது அதில் ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கோழிகள் அதில் தண்ணீர் குடித்தன. நோன்புப் பெருநாள் காலையில் அச்சிமுகம்மது வீட்டார் எல்லோரும் தொழப் போயிருந்த நேரம், அந்தக் குவளையை அவர்கள் முற்றத்தில் முழ ஆழத்தில் புதைத்து மண்ணைத் தட்டிவிட்டேன். அன்று நான் பெருநாள் தொழவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்திருக்கிறேன்.

இரண்டு மழை அதன்மேல் பெய்யட்டும் என்று காத்திருந்தேன். பிறகு முதல் ஐந்து குழிகளையும் ஒழுங்காகக் காட்டினேன். அவற்றில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். ஆறாவதற்கு அந்த முற்றத்தைக் காட்டினேன். சில்வெஸ்டர் கம்பியால் குத்தினார். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அச்சிமுகம்மது காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். உறுதி கடதாசி, குவளை இரும்பு. வீட்டை உடைக்க உத்தரவு வந்தது.

உடைப்பதற்கு முந்திய நாள் சாமான் ஏற்ற நானும் போனேன். பார்த்து மனம் ஆறத்தான் போனேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்க அறைக்குள் கூரை முட்ட நெல் மூடைகள். அவற்றை இறக்க இறக்கக் கதவு தெரிந்தது. உள்ளே குறுக்குச் சட்டம் வைத்து ஆணி அறைந்திருந்தது, ஆணியெல்லாம் துரு. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அச்சிமுகம்மதுவின் மனைவி சுபைறா அருகே வந்தாள்.

"அந்தக் கதவ நாங்க குடிவந்த நாளையில இருந்து தொறந்தயே இல்ல காக்கா. உப்புக்காத்து நெல்லுக்கு ஆகாதெண்டு அறைஞ்ச. புயலண்டைக்கு முன்கதவப் பூட்டவே இல்லியே, நீங்க ஏன் அங்கால வரல்ல?"

மூடை இறக்க ஏழு பேர் நின்றார்கள். சில்வெஸ்டர் வாசலில்தான் இருந்தார். உத்தரவை நிறுத்த ஒரு சொல் போதும். நான் அடுத்த மூடையைத் தோளில் ஏற்றினேன். மறுநாள் காலை டோசர் வந்தது.

அச்சிமுகம்மது வீட்டார் களப்புத் தண்ணீர் ஓரத்தில் கிடுகுக் குடிசை போட்டார்கள். மார்கழி அடைமழையில் களப்பு பெருகியது. இளைய மகள் உம்மு தண்ணீரோடு போனாள். அவளுக்கு ஒன்பது வயது. மையத்து அடக்கத்துக்கு நானும் போய் மற்றவர்களைப் போல மூன்று பிடி மண் போட்டேன். அச்சிமுகம்மது என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குத்தான் இது விளங்கும் என்று அழுதார்.

இப்போது யாரோ ஒரு பழைய இஞ்சினியரின் மகள் சீமையிலிருந்து அசல் வரைபடத்தை அனுப்பியிருக்கிறாள் என்கிறீர்கள். சரிதான். ஆறாம் குழி வடக்கே, தாழம்பற்றைக்குள். அங்கே தோண்டினால் அதன் குவளையும் கிடைக்கும். நான் கோழிக்கு வைத்தது ஒன்பதாம் குழியினுடையது.

சல்மா உம்மா அக்கரைப்பற்றில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்றுதான் கேட்டாள்: "பின்கதவில இருந்து முன்கதவுக்கு எத்தின எட்டு?"

வீடு உடைத்த பிறகு அத்திவாரத்தின் மேல் நடந்து அதையும் பார்த்தேன், சேர். பதினெட்டுக் காலடி. எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் கதவைத் திறக்காதவர் அச்சிமுகம்மதுதான்.