டொக்டர் தாஸிமின் நெஞ்சுப் படம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியாஸ்பத்திரி அதிகாரிகளே, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து இன்று பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாமல் வந்திருக்கும் தாய்மாரே, சகோதரர்களே! எங்கள் மலை வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கும் மாணிக்கராஜ் பேசுகிறேன். அழத்தான் வந்தேன். இந்த மேடையைப் பார்த்ததும் வயிறு எரிகிறது.

எங்கள் டொக்டர் தாஸிம் என்ன கேட்டார்? பங்களா கேட்டாரா? பதவி கேட்டாரா? இங்கே எடுக்கும் படம் கிளவுட் வழியாக அப்போதே பெரியாஸ்பத்திரித் திரைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டார். மழையில் நனைந்த படத்தைச் பொலித்தீன் சிலிசிலிப் பையில் சுருட்டிக்கொண்டு நம் சனம் பஸ் ஏறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொழும்புக்கும் இங்குமாக அலையாய் அலைந்து அதைக் கொண்டுவந்தார். நாடா வெட்ட மட்டும் நீங்கள் வந்தீர்கள், அதிகாரிகளே!

"வெறுங்கையோட போனா ஏசுவாங்க ஐயா" என்றார், இதோ முன்வரிசையில் இருக்கும் அகஸ்டினா அக்கா.

"கைய வீசிக்கிட்டுப் போங்கம்மா. படம் ஒங்களுக்கு முன்னாடி போயிரும்" என்றார் டொக்டர்.

படம் போனது. திறந்தார்களா? "பில்ம் எங்கே?" என்று அக்காவைத்தான் ஏசினார்கள். கையில் பில்ம் இல்லையென்றால் அவர் நோயாளியே இல்லை. அங்கே அதுதான் வழக்கம். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் டொக்டரே போன் எடுத்து, சண்டை பிடித்துத் திறக்க வைத்தார்.

போன வாரம் நமுனுகுல வளைவில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கியது. நெஞ்சுக்குள் இரத்தம். இந்தக் கையால்தான் படம் எடுத்தேன், அனுப்பினேன். அம்புலன்ஸ் புறப்பட்டதும் பெரியாஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன்.

"ஒங்க டொக்டர பேசச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

"டொக்டர்தாங்க அந்தப் படத்துல இருக்காரு!" என்று கத்தினேன்.

போனை வைத்துவிட்டார்கள். ஐயோ, கூடப் போன அவருடைய மனைவி ஷம்ராவிடம் அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? பில்ம்! மறுபடி படம் எடுக்கத் தள்ளுவண்டியோடு வரிசையில் விட்டார்கள். அந்த வரிசையிலேயே எங்கள் டொக்டரின் உயிர் போனது.

இப்போது மௌன அஞ்சலி என்கிறீர்கள். நீங்கள் மௌனமாக இருந்தது போதாதா?

டொக்டர் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: படம் அனுப்புவதை நாங்கள் நிறுத்த மாட்டோம். இனி ஒவ்வொன்றுக்கும் நான் போன் எடுப்பேன். என் பேச்சு எடுபடாவிட்டால் அகஸ்டினா அக்கா எடுப்பார்.

இங்கே வருமுன் கணினியைப் பார்த்தேன். டொக்டர் தாஸிமின் நெஞ்சுப் படத்துக்கு நேரே, இன்னும் திறக்கவில்லை என்றுதான் காட்டுகிறது. அதிகாரிகளே, அஞ்சலிக்கு எழுந்து நிற்க வேண்டாம். போய் அதைத் திறந்து பாருங்கள்.