கூடக்குறைய

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புவான் நூருல் ஹுதா: உங்கள் விசாரணை அறையில் இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வையுங்கள். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்கு ஆகாது.

கவிழ்ந்த உல்லாசப் படகை வரைந்தவன் இந்தக் கார்த்திகேசுதான், மறுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வெள்ளைக்காரன் வரைந்த படகுகளுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சொந்தமாய் வரைய ஒன்று வாய்த்தது. விடுவேனா? மேல்தட்டு ஒன்று வைத்தேன். பினாங்கில் அப்படி ஒரு அழகை யாரும் பார்த்ததில்லை.

புதுப் படகு சாய்ந்தால் நிமிருமா என்று சோதிக்க ஒரு முறை உண்டு. தட்டில் இரும்புக் கட்டிகளை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்த்துவோம். உள்ளே தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்போம். குறைவாக விலகினால் படகு உறுதி. காற்று, அலை, பார்ப்பவன் கண் என்று எந்த அளவிலும் கூடக்குறைய இருக்கும். அது எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைக் கழித்த பிறகும் படகு தேற வேண்டும். அளக்கும்போது கரைக்கயிறுகள் தளர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இறுகியிருந்தால் கயிறே படகைப் பிடித்துக்கொள்ளும்.

ஜுரு ஆற்று முகத்துப் பட்டறையில் நான்கு முறை அளந்தோம். மூன்று அளவுகள் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. ஒரு முறை மட்டும் குண்டு ரொம்பவே விலகியது. அந்த முறை என் உதவிப் பொறியாளர் மோகனா தானே கரைக்கு இறங்கிப்போய்க் கயிற்றைத் தளர்த்தியிருந்தாள்.

“அண்ணே, இதுதான் நெசம். மத்த மூணும் கயிறு டைட்டா இருந்தப்ப எடுத்தது. எல்லாத்தையும் திருப்பி எடுப்போம்லா.”

“மூணு பேரு ஒண்ணு சொல்றான், ஒருத்தன் வேற சொல்றான். நீ யாரை நம்புவ?”

“மூணு பேரையும் ஒரே ஆளு கட்டிப் போட்டிருந்தா?”

வாய்க்கொழுப்பு. பக்கத்தில் போன படகின் அலையால் வந்த பிழை என்று எழுதி, அந்த ஒன்றை விலக்கினேன். காரணம் எழுதி விலக்குவது எங்கள் தொழிலில் நடப்பதுதான். மிச்சம் மூன்றும் ஒத்திருந்ததால் கூடக்குறைய மிகச் சிறிதாகிவிட்டது. படகு தேறியது.

மோகனா அதிகாரிகளிடம் போனாள். என் கையெழுத்துக்கு மேல் அவள் பேச்சை யார் கேட்பார்கள்? மாசி மகத்தன்று மாலை, மிதக்கும் தேர் பார்க்க முதல் பயணம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினாள். மேல்தட்டுப் படிக்கட்டில் கையை விரித்து நின்று, “மேல போகாதீங்க, கீழயே இருங்க” என்று கத்தினாளாம். பைத்தியம் என்று தள்ளிவிட்டு ஏறினார்களாம். தேர் தண்ணீரில் இறங்கியதும் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடியிருக்கிறார்கள். சாமி எங்கே போய்விடப் போகிறது? இருந்த இடத்தில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இறந்தவர்கள் பெயர்களை வாசித்தீர்கள், மோகனா பெயரையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் ஏன் இரண்டாம் முறை வாசித்தீர்கள் என்று புரியவில்லை. மோகனாவின் தாய் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும். எனக்கு மோகனாமேல் கோபம்தான். அவ்வளவு கெட்டிக்காரி, என் படகை நம்பியிருக்கலாம்.

பட்டறையில் கயிறு கட்டும் சின்னையாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அவனை விட்டுவிடுங்கள். கார்த்திகேசுவின் சோதனையை ஒரு கூலிக்காரன் கெடுத்துவிட்டான் என்று ஊர் பேசக் கூடாது. “தளத்தி விடவாண்ணே?” என்று அவன் கேட்கத்தான் செய்தான். இழுத்துக் கட்டச் சொன்னவன் நான். என் படகு சாயாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், புவான். சோதனை அன்றைக்கு அது சாய்ந்துவிடக் கூடாதே என்றுதான் கட்டச் சொன்னேன்.