பஜ்ஜிக்குப் பிறகு காப்பி

பெரியப்பா, எனக்குக் காரமே ஒத்துக்கொள்ளாது. மோர்மிளகாயைக்கூட ஒதுக்கிவைத்துச் சாப்பிடுகிறவன் நான். தங்கை தமிழ்மொழியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் கெடுதல் செய்தேன் என்று, வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் சத்தம் போட்டது வருத்தம்தான். நடந்ததை எழுதிக் கொடு என்றீர்கள். கொடுக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பலர் நினைப்பதுபோல் மிளகாய் நாக்கைச் சுடுவதில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நாக்கின் நரம்புச் செல்களில் நுண்ணிய வாசல்கள் உண்டு. நாற்பத்து மூன்று டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அவை திறந்து அயனிகள் உள்ளே பாயும். அந்தத் துளி மின்னோட்டத்தைத்தான் மூளை 'சுடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. மிளகாயும் அதே வாசலைத்தான் திறக்கிறது. காரம் பட்ட நாக்குக்கு ஆறிய காப்பியும் கொதிக்கும். எட்டு வருடமாக என் ஆய்வு இதுதான்.

பெண் பார்க்கும் வீட்டில் கேசரி, பஜ்ஜி, காப்பி என்று வரிசை வைத்திருக்கிறோம். நான் அதைக் கொஞ்சம் திருத்தினேன். கேசரியின் நெய் காரத்தைத் தணித்துவிடும். ஆகவே கேசரியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காப்பியில் பாலைக் குறைத்தேன். மலைமேல் கரியாலூர் சந்தையில் வாங்கிய ஊசிமிளகாயை அரைத்து மாப்பிள்ளையின் பஜ்ஜியில் மட்டும் கலந்தேன். மற்றவர்களுக்குச் சாதா பஜ்ஜி. ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் அது சோதனையே இல்லை.

முதலில் வந்தவர் சின்னசேலம் ஆகாஷ். பஜ்ஜியை மரியாதைக்காக மென்று விழுங்கிவிட்டுக் காப்பியை வாயில் வைத்தார். அது எதிரே இருந்த அவர் அம்மாவின் பட்டுப்புடவையில் வந்து விழுந்தது.

"கொதிக்கக் கொதிக்க குடுத்து எம்புள்ள நாக்கப் பொசுக்கிடுச்சே இந்தப் பொண்ணு. இன்னா வளப்புங்க இது? எழுந்துர்றா, போலாம்" என்றார் அந்தம்மா.

தமிழ்மொழி சமையலறைக்குள் போய் அழுதாள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பஜ்ஜி உள்ளே போனதிலிருந்து காப்பி வெளியே வரும்வரை பதினொரு விநாடி.

அடுத்த இருவருக்கும் ஒன்பது, பதினான்கு. அதற்குள் அந்தப் பெண் கைக்காப்பி ஆகாது என்று தெருவில் பேச்சாகிவிட்டது. தெருக்காரர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது.

நாலாவதாக வந்த அன்புச்செல்வனிடம்தான் தவறு செய்தேன். தோட்டக்கலைத் துறை என்றார்கள். எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாகக் கரியாலூரிலேயே வேலை, சாப்பாடு எல்லாம். தினமும் காரம் பட்டால் அந்த வாசல்கள் மரத்துப்போகும். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அதுதான். அவர் ஐந்து பஜ்ஜி தின்று, காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"இது கரியாலூரு ஊசிமொளகாயாச்சே. கீழ கெடைக்காதே, ஆரு வாங்கியாந்தீங்க?" என்று பாராட்டாகத்தான் கேட்டார்.

அப்பா அம்மா இல்லாத வீடு. மலைக்குப் போய்வருகிறவன் நான் ஒருவன்தான். தமிழ்மொழி என்னைப் பார்த்தாள். சாவியை வாங்கி என் அலமாரியைத் திறந்தாள். கேசரி இருந்தது.

"மூணு பேரு மூஞ்சிமேல துப்பாத கொறையா பேசிட்டுப் போனாங்களே. இனிமே எவனும் வரமாட்டான்னு நான் அழுதுகினு இருந்தனே, பாத்துகினுதான இருந்த? இன்னாத்துக்குண்ணா?" என்றாள்.

பதில் எளிது. சில விநாடிச் சூட்டைத் தாங்காதவன் ஒரு குடும்பத்தை எப்படித் தாங்குவான்? அண்ணன் என்ற பொறுப்பில் நான் வைத்த தேர்வு அது. அன்புச்செல்வன் தேறிவிட்டார். தையில் கல்யாணம் என்கிறீர்கள், மனதார வாழ்த்துகிறேன். மூன்று முறை அவளை அழவைத்தவன் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் போய்விட்டால் என் சாப்பாடு, துணிமணி, மாணவர்களின் விடைத்தாள், ஆய்வேடு எல்லாம் நின்றுபோகும் என்ற பயத்தில் செய்தேன் என்றீர்களே, அதை மட்டும் ஏற்கமாட்டேன். எனக்கு யாருடைய தயவும் தேவையில்லை.

இதில் எழுத்துப்பிழை இருந்தால் என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் தமிழ்மொழி.