நிஸார் கை எடுக்கும்வரை

பழைய பெட்டி வாங்கும்போது முதலில் அதன் திருகாணித் தலைகளைப் பார்க்க வேண்டும், ஐயா. அவை தேய்ந்திருந்தால், யாரோ ஒரு மேதாவி முன்னரே உள்ளே புகுந்து விளையாடியிருக்கின்றான் என்று கொள்க. அதை வாங்குபவன் இரண்டாவது மேதாவி.

நான் சொல்வது ருபீடியம் கடிகாரப் பெட்டியை. தொலைபேசிக் கோபுரங்களில் அலைவரிசை பிசகாமல் காப்பது; கழித்துவிட்டபின் பழைய இரும்புக் கடைக்கு வரும். அதன் உயிர், உள்ளே இருக்கும் சிறு கண்ணாடி விளக்கு. அது மங்கியிருந்தால் அச்சமில்லை. இரத்தினபுரியில் இரத்தினக்கல்லைச் சுட்டு நிறமேற்றுவதுபோல, அளவாகச் சூடு காட்டினால் மீளும். முற்றாக அணைந்திருந்தால் கும்பிட்டுவிட்டு வரலாம். ஆகவே மின்சாரம் கொடுத்து, விளக்கின் மின்னழுத்தத்தை அளந்து, அலைவரிசை நிலைத்ததைக் காட்டும் பச்சை ஒளி வரும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை எனக்கு உண்டு. ஒன்பதாம் தரத்துக்கு விஞ்ஞானம் கற்பித்தவன் நான்.

பெல்மதுளையில் ஷிஹாபின் கடைக்கு அத்தகைய பெட்டி ஒன்று வந்தது. திருகாணிகள் கன்னி கழியாதவை. ஆனால், வானொலி திருத்தும் என் நண்பர் நிஸார் எனக்கு முன்னரே அதன்மீது கைவைத்திருந்தார். நான் விலை கேட்டேன். ஷிஹாப் முன்பு இரத்தினக்கல் வியாபாரி.

"சேர், நிஸார் நானா கை வெச்சீக்கிறார். அவர் கை எடுக்குற வரைக்கும் மத்தவங்களோட வில பேச மாட்டேன். கல்லு யாவாரத்துல அதான் மொற."

"இது கல்லு இல்லையே தம்பி."

"எனக்கு எல்லாம் கல்லுதான் சேர்."

நிஸார் சிரித்தார். "போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க சேர். நான் மௌத்தானாத்தான் இந்தக் கை எழும்பும்."

இறந்தால்தான் என்று நிபந்தனையை இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் அரியர்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நிஸாரின் மீட்டரை எட்டிப் பார்த்தேன்: விளக்கு மங்கல், ஆயினும் உயிருண்டு. திருத்தத்தக்க பெட்டி. அப்போது நிஸாரின் முகம் வியர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வாங்குப் பலகையில் சரிந்தார். மற்றக் கை பெட்டியிலேயே இருந்தது.

"மாத்திர... பொக்கட்ல..."

ஷிஹாப் முச்சக்கரவண்டி பிடிக்க ஓடினான். நிஸாரின் சட்டைப்பையிலிருந்து மாத்திரைக் குப்பியை நானே எடுத்தேன். நாவின் கீழ் ஒன்றை வைத்தால் எழுந்துவிடுவார்; முன்பும் எழுந்திருக்கின்றார். நண்பரும் திருத்தத்தக்க நிலையிலேயே இருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுந்தால், கையும் அங்கேயே இருக்கும்.

குப்பியை என் பையில் வைத்துக்கொண்டேன். பச்சை ஒளி வந்தது. சற்றுப் பின்னர் கை தானாக வழுகி விழுந்தது. நான் அதை விலக்கவில்லை. முறையை மீறுவது என் பழக்கமன்று.

ஷிஹாப் வந்து, "மாத்திர எங்க சேர்?" என்றான்.

"தேடுறேன் தம்பி" என்றேன். பிறகு விலை கேட்டேன்.

பெட்டி இப்போது என் மேசையில் பிசகின்றி ஓடுகின்றது. குப்பி அதன் பக்கத்திலேயே இருக்கின்றது. திறந்து எண்ணிப் பாருங்கள், ஒரு மாத்திரையும் குறையாது. பிறர் பொருளைத் தொட்டவன் அல்லேன், ஐயா.