சாவியை நீட்டிய ஓட்டுநரம்மாவுக்கு

அல்தாய் மலைச்சாரலின் அணையாத ஆர்வமே! பனிச்சிறுத்தைக்குப் பரிந்து பேசிய அதே வாயால் ஆட்டுப்பட்டிக்காரருக்கும் பரிந்து பேசியவரே! காட்டுயிர்க் காவலுக்கென்று வந்த கற்றுக்குட்டிகளைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிட்ட அஞ்சாநெஞ்சமே! இளந்தலைவர் பயிற்சி நிலையத்தின் தலைவர் தொல்கோர்சுரேன் அம்மையாரே! வணக்கம்! வாய் வலிக்க வணக்கம்!

தங்கள் தேநீரில் உப்பு அதிகம். வண்டி ஓட்டும்போது பாடும் பாட்டில் சுருதி குறைவு. வேறு குறை கண்டவர் தங்கள் ஓய்வு விழாவுக்குக் கூடிய இம்மண்டபத்தில் எவருமில்லை.

தாங்கள் வகுத்த வழக்கம் உலகில் வேறெங்கும் உண்டோ! பயிற்சியின் கடைசி வாரம் மாணவருள் ஒருவர் தலைவர். தாங்களோ அவருடைய வண்டியோட்டி. யோசனை சொல்லக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. அப்படி ஒரு வாரத்தில்தான் எங்களோடு பயின்ற சொலோங்கோ தலைவியானாள்.

முதல் நாளே வந்தது சோதனை. பல்தன் என்பவரின் கல்லால் கட்டிய ஆட்டுப்பட்டிக்குள், கூரைத் திறப்பு வழியாகப் பனிச்சிறுத்தை ஒன்று இறங்கிவிட்டது. பாதி மந்தையைக் கொன்றுவிட்டு, ஏறி வர வழியின்றி உள்ளேயே உறுமிக்கொண்டிருந்தது. பல்தன் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். வண்டியிலிருந்து குதித்த சொலோங்கோ, பனிச்சிறுத்தையைக் கொல்லக் கூடாதென்ற சட்டத்தை நின்ற இடத்திலேயே ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"வந்ததும் வராததுமா சட்டமா? என் வீட்டு டீயைக்கூடத் தொடலையே, பொண்ணே! போய் என் ஆட்டுக்குச் சொல்லு உன் சட்டத்தை!"

அவள் முகம் செத்துப்போயிற்று. வீட்டுத் தேநீரைத் தொடாமல் பேச்செடுப்பதைவிடப் பெரிய அவமரியாதை எங்கள் ஊரில் கிடையாது. கூட வந்த மாணவர்கள் நாங்கள் தங்களைச் சூழ்ந்தோம்.

"அம்மா, நீங்களே பேசுங்க! சுட்டுடப் போறாரு!"

"நான் வண்டி ஓட்டுறவ. தலைவி அங்க நிக்குறா, அவகிட்ட கேளுங்க."

பாவி மனுஷி என்று அவள் அப்போது தங்களை மனதுக்குள் திட்டியது உண்மை. ஆனால் திட்டி முடித்ததும், "மன்னிச்சிடுங்கண்ணே, டீ குடுங்க" என்று பல்தனின் கூடாரத்துக்குள் நுழைந்தாள். குடித்தாள். அவர் பேசப் பேசக் கேட்டாள்.

"இன்னைக்கு விட்டா நாளைக்கே அதே ஓட்டை வழியா வரும். மீதி ஆட்டையும் வாரிக் குடுக்கவா?"

"ஓட்டையைக் கம்பி வலை போட்டு நாங்க அடைக்கிறோம்."

"இப்படிச் சொல்லிட்டுப் போனவங்க வண்டிப் புழுதிதான் எனக்கு மிஞ்சியிருக்கு."

சொலோங்கோ வெளியே வந்தாள். நிலையத்துக்கு இருந்ததே ஒரு வண்டி. அதை விட்டால் நடைதான். ஆணை பிறந்தது.

"அம்மா, வண்டிச் சாவியை அண்ணன்கிட்ட குடுங்க. வலை கட்டி முடியுற வரைக்கும் வண்டி அவருது."

தாங்கள் ஏன் என்று கேட்கவில்லை! இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குத் தரும் மரியாதையோடு சாவியை நீட்டினீர்கள். தலைவர் தன் மாணவி சொல் கேட்டு நிற்பதைப் பல்தன் பார்த்தார். துப்பாக்கி தாழ்ந்தது. கதவு திறந்தது. அடேயப்பா, அந்தப் பாய்ச்சல்! நீண்ட வால் ஒருமுறை வீசியது, பிறகு பாறை மட்டுமே மிச்சம்! நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்தினோம். தாங்கள் சுருதியில்லாமல் பாடினீர்கள். வலை முடிந்தபிறகே வண்டி திரும்பியது.

ஓய்வு என்று தாங்கள் சொல்லிக்கொள்ளலாம். நூறாண்டு நோயின்றி, காற்றில் வாடாத கன்னங்களோடு வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். முன்வரிசையில் உலர்தயிர் மூட்டையோடு அமர்ந்திருக்கும் பல்தனும் வாழ்த்துகிறார்.

பொன்னாடையோ கடிகாரமோ நாங்கள் வாங்கவில்லை. இம்மடலை வாசிக்கும் நிலையத்தின் புதிய தலைவி சொலோங்கோ, முழங்கையைத் தாங்கி இதோ நீட்டுவது அந்தச் சாவி. கூடவே ஓர் ஆணை:

"திங்கட்கிழமை புதுப் பிள்ளைங்க வர்றாங்கம்மா. வண்டியை எடுங்க. யோசனை சொல்லக் கூடாது!"

என்றும் தங்கள் பின்னிருக்கையில்,
நிலையத்துப் பணியாளர்கள்