உப்பில்லாக் கஞ்சி

தோணியில் இருந்தவர்கள். நான். என் புருசன் சிவலிங்கம். மகள் யசோ, ஐந்து வயது. மகன், பத்து மாதம். என் புருசனின் தங்கை வதனி. வதனியின் மகள் நிலா, இரண்டு வயது. வதனியின் புருசன் கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போனவர். பாதை மூடியதால் வர முடியவில்லை. அவர் தோணியில் இல்லை.

ஆவணி மாதம். திங்கட்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். முதலில் தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேலே சீலை கிழிகிற சத்தம். பிறகு ஷெல் விழுகிற சத்தம். இரண்டாவது சத்தத்துக்குள் படுத்துவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் படித்தது இதைத்தான்.

"தலையக் குனி! எல்லாரும் குனிங்க!"

என் புருசன் கத்துகிறார். கம்பை ஊன்றித் தள்ளுகிறார். எங்கள் வீடு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில், மண்டூருக்குக் கொஞ்சம் தள்ளி. வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய்விட்டால் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம் என்று சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு தோணி போனது. அதன் பக்கத்தில் தண்ணீர் பனை உயரத்துக்கு எழும்பியது. தண்ணீர் இறங்கியபோது தோணி இல்லை.

யார் அடித்தது என்று கேட்பார்கள். நான் படுத்திருந்தேன். படுத்திருந்தவளுக்குப் பக்கம் தெரியாது.

அவர் தோணியைத் திருப்பினார். கண்டல் மரம் அடர்ந்த ஒரு சின்னத் திட்டு. அதற்குள் விட்டார். மரத்துக்குக் கீழே தோணியை இழுத்து இலை போட்டு மூடினார். வெளியே தலை காட்டினால் சுடுகிறார்கள். அதனால் அங்கேயே இருந்தோம்.

எங்களிடம் இருந்தது: அரிசி ஒரு பை, சீனி கொஞ்சம், தேங்காய், மூடியோடு ஒரு சட்டி, ஒரு கரண்டி, தீப்பெட்டி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு கான். உப்புப் பேணி அடுப்படியில் நின்றுவிட்டது. எடுக்க நேரம் இல்லை.

கான் தண்ணீர் முடிந்தது. அவர் திட்டின் நடுவில் தேங்காய்ச் சிரட்டையால் மணலைத் தோண்டினார். மஞ்சள் தண்ணீர் ஊறியது. வாயில் விட்டுப் பார்த்தார். உப்புக் கரிக்கவில்லை. ஊத்தை மணம் இருந்தது.

"காய்ச்சாமப் புள்ளைகளுக்குக் குடுக்கிறதா?" என்று கேட்டேன்.

"காய்ச்சினாப் புகை வரும். புகையைக் கண்டா இஞ்சதான் விழும், புள்ள."

பிள்ளைகள் தாகத்தில் அழுதார்கள். அழுகைச் சத்தமும் வெளியே போகும். சீலையில் வடித்துக் கொடுத்தோம்.

முதலில் நிலாவுக்கு வயிற்றால் போனது. அடுத்து என் மகனுக்கு. அரிசி கழுவின தண்ணீர் போலப் போனது. துடைத்து முடிக்கமுன் திரும்பப் போனது. சீலைத் துண்டு எல்லாம் முடிந்தது. கண்டல் இலையால் துடைத்தேன்.

யசோ சின்னவளாக இருந்தபோது அவளுக்கும் வயிற்றோட்டம் வந்தது. அப்போது கிளினிக் மிஸ் சொன்னது எனக்குப் பாடம். ஒரு பைக்கற் ஜீவனித் தூளை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பைக்கற் இல்லையென்றால் அதே அளவு தண்ணீருக்குச் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. குவித்து அள்ளக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. குடித்ததைக் கக்கிச் சத்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து, திரும்பவும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் தெரியும். ஜீவனி இல்லை. கொதித்த தண்ணீர் இல்லை. உப்பும் இல்லை.

"உப்பு இல்லையே கா," என்று வதனியிடம் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆத்துக்கு நடுவில இருந்துகொண்டு உப்புத் தேடுறாளுகள். ஊராக்கள் கேட்டா எங்களை இஞ்சயே விட்டுட்டுப் போயிருவாங்க."

வதனியும் சிரித்தாள். அந்தத் திட்டில் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

கடல் தண்ணீர் ஏறுகிற வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மீன் தொழிலுக்குப் போகிறவர்கள் தோணியில் உப்புக் கொண்டுபோவதில்லை. சோறு ஆக்கும்போது ஒரு சிரட்டை ஆற்றுத் தண்ணீரை உலையில் ஊற்றுவார்கள். உப்பு சரியாக இருக்கும். என் புருசனும் அப்படித்தான். வதனியின் தகப்பனும் அப்படித்தான். அவள் எழும்பிப் போய் ஒரு சிரட்டை மொண்டு வந்தாள். ஊற்றுத் தண்ணீரோடு கலந்தாள். சீனி போட்டாள்.

"அண்ணே, உலைக்கு ஊத்திற அளவு சரிதானே?"

"ஓம். அது சரியாத்தான் இருக்கும்."

நிலா குடித்தாள். சிரட்டையை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். இன்னும் கேட்டாள். குடிக்கிறாள் என்று எங்களுக்குச் சந்தோசம். வதனி மறுபடி கலந்தாள். என் மகனுக்கும் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தான். சத்தி எடுத்தான். பிறகு வாய் திறக்கவில்லை. முலையை மட்டும் தேடினான். என்னிடம் பால் வற்றிக்கொண்டு வந்தது. ஊற்றுத் தண்ணீரை நான் குடித்தேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். பால் வர வேண்டும்.

மறுநாள் காலை. நிலா இன்னும் தண்ணீர் கேட்கிறாள். நாக்கு மரப்பட்டை போல. உடம்பு சுடுகிறது. என் மகனின் உச்சிக்குழி தாழ்ந்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. அழுகிறான், கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நிற்கிறது. நேற்றிலிருந்து மூத்திரம் இல்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் மகனைப் பார்த்தார். பிறகு தங்கை மகளைப் பார்த்தார்.

"புள்ளைகள் செத்தா மறுகா என்னத்துக்கு ஒளிச்சிருக்கிறது?" என்றார்.

மணலில் குழி தோண்டினார். குழிக்குள் கரை ஒதுங்கிக் காய்ந்த சிரட்டையும் பாளையும் வைத்தார். சட்டியில் ஊற்றுத் தண்ணீர். அதற்குள் ஒரு பிடி அரிசி. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசியது. புகை பதிந்து மரத்துக்குள் போகும் என்று நினைத்தார்.

"நீ புள்ளைகளோட தோணிக்குப் பின்னால போய்ப் படு. வதனி, நீயும் போ. கஞ்சி ஆனாக் கூப்பிடுறன்."

"நீங்களும் வாங்க. அது தானாக் கொதிக்கும்."

"புகையை ஆர் கலைக்கிறது? உன்ட கொப்பரா?"

சாறனைக் கழற்றி, உள்ளே போட்ட காற்சட்டையோடு நின்று புகையை விசுக்கினார். நான் தோணிக்குப் பின்னால் கிடந்து பார்த்தேன். புகை கொஞ்சம் மரத்துக்குள் போனது. கொஞ்சம் மேலே போனது. சட்டியில் நுரை பொங்கியது. அரிசி மணம் வந்தது. யசோ மூக்கை உறிஞ்சினாள்.

டும்.

"படு! படு! புள்ளையப் பொத்து!"

சீலை கிழிந்தது.

காது அடைத்துவிட்டது. மணல் மழை போலக் கொட்டியது. தலை தூக்கினேன். சட்டி குழிக்குள் நின்றது. மூடி மேலேதான் இருந்தது. அவர் குழிக்குப் பக்கத்தில் கிடந்தார். அவரைப் பார்த்தேன். பார்த்ததை எழுதமாட்டேன்.

புகையைக் கண்டுதான் அடித்தார்களா, தெரியாது. நெருப்பு வைக்க முன்னரும் அந்தப் பக்கம் விழுந்தது. பிறகு இரண்டு நாளும் விழுந்தது.

அழ நேரம் இல்லை. அவருடைய சாறனால் அவரை மூடினேன். சட்டியைத் தூக்கினேன். கஞ்சியை ஆற்றினேன். தெளிவை வடித்துக் கரண்டியில் எடுத்தேன். முதல் கரண்டி, மகன் சத்தி எடுத்தான். பொறுத்தேன். இரண்டாம் கரண்டி, நின்றது. ஒரு கரண்டி. பொறுக்க வேண்டும். ஒரு கரண்டி. இடையில் பால். ஒரு துளியும் சிந்தவில்லை.

நான் பொறுத்திருந்த நேரத்தில் அதே கரண்டியால் வதனி நிலாவுக்குக் கொடுத்தாள். நிலா விழுங்கவில்லை. கடைவாயால் வழிந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"நிலா மனே, முழுங்கு மனே. மாமா காய்ச்சின கஞ்சி மனே."

வெயில் உச்சிக்கு வந்தபோது இழுப்பு நின்றது. வதனி கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள். நான் அவள் கையிலிருந்து எடுத்தேன். கரண்டி ஒன்றுதான். எனக்குத் தேவைப்பட்டது.

பின்னேரம் என் மடியில் சூடாக நனைந்தது. என் மகன் மூத்திரம் பெய்திருந்தான். நான் யசோவைக் கட்டிப்பிடித்தேன். வதனி பார்த்தாள். கிட்ட வந்து அவனுடைய கால் இரண்டையும் தடவினாள்.

இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தோம். அவர் தோண்டிய ஊற்றுக்குத் தூரமாக. அந்தத் தண்ணீர் இன்னும் வேண்டும். நெருப்பும் வேண்டும். அடுத்த நாளும் மூட்டினேன். பயப்பட எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைத்தேன். அது பொய். ஒவ்வொரு 'டும்'முக்கும் சட்டிமேல் கவிழ்ந்து படுத்தேன்.

சத்தம் ஓய்ந்த காலையில் வதனி கம்பை எடுத்தாள். அவள் தள்ளினாள். நான் பிள்ளையைப் பிடித்தேன். அக்கரை சேர்ந்தோம்.

பள்ளிக்கூட முகாமுக்கு ஒரு கிளினிக் மிஸ் வந்தா. ஆற்றுத் தண்ணீர் கொடுத்த கதையை நான் தனியாகச் சொன்னேன். அவ சொன்னா, கண்ணீரை விடக் கரித்தால் அது பிள்ளைக்கு மருந்து இல்லை, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது பிடுங்கும் என்று. அப்போதுதான் விளங்கியது. உலையை வடித்துவிடுவார்கள். உப்பு வடித்த தண்ணீரோடு போய்விடும். பிள்ளை வயிற்றை வடிக்க முடியாது. அதோடு அது ஆவணி. மழை இல்லை. ஆற்றில் உப்பு ஏறியிருந்த காலம்.

வதனிக்கு இதை நான் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. போன வருசம் நோயில் போய்விட்டாள். இப்போது எழுதலாம்.

என் மகன் கல்யாணம் முடித்துவிட்டான். அவனுடைய பிள்ளைக்கு வயிற்றால் போனால் மருமகள் கடையில் ஜீவனி வாங்கிவருகிறாள். அளவாகக் கரைக்கிறாள். ஒரு நாளைக்கு மேல் வைக்காமல் மிச்சத்தை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கிறாள். கண் குழிந்தால், குடிக்காவிட்டால், ரத்தம் போனால் ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓடப் பாதை இருக்கிறது. அடுப்பில் புகை எழும்புகிறது. ஒருவரும் படுக்கவில்லை.

இழந்தது. ஓட்டு வீடு, ஒன்று. பசு, கன்றோடு ஒன்று. வலை, இரண்டு. தோணி, கரையில் விட்டுவந்தோம், திரும்பப் போனபோது இல்லை. சிவலிங்கம். நிலா.

ஏறியது ஆறு பேர். இறங்கியது நாலு பேர்.